கடனை அழித்துத் தருகிறேன் என்று 1,650 டொலர் வாங்கினார்

நேற்று முன்தினம் காலை வரை, எங்கள் குடும்பக் கொடுப்பனவுக் கடனைப் பற்றி ஒருவர் அவுஸ்திரேலிய அரசாங்கத்தோடு கதைத்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நான்கு மாதம் நம்பினேன். அதற்கு 1,650 டொலர் கட்டினேன். யாரும் யாரோடும் கதைக்கவே இல்லை.

அலுவலகத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். முறைப்பாடு போயிருக்கும்போது பெயர் எழுத வேண்டாம் என்று சட்ட மையத்தில் சொல்லியிருக்கிறார்கள். சிட்னியின் மேற்குப் பக்கத்தில், பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் தமிழ் வரிக்கணக்கு அலுவலகம் என்று மட்டும் சொல்கிறேன். மூன்று வருடமாக எங்கள் வரிக்கணக்கை அங்கேதான் செய்தோம்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், ஏழு வயதும் நான்கு வயதும். கணவர் களஞ்சியம் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் சின்னவனோடு வீட்டில். பிள்ளைகளுக்காக அரசாங்கம் தரும் குடும்பக் கொடுப்பனவு, ஃபமிலி டாக்ஸ் பெனிபிட், இரண்டு கிழமைக்கு ஒருமுறை வரும். அதில்தான் சாமான் வாங்குவது, பெரியவளின் பாடசாலைச் செலவு எல்லாம்.

இந்தக் காசு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. இந்த நிதியாண்டில் வீட்டுக்கு இவ்வளவு வருமானம் வரும் என்று நாங்களே ஒரு மதிப்பீடு கொடுக்கிறோம். அதை வைத்துக் காசு போடுகிறார்கள். ஜூன் 30 முடிந்து, இரண்டு பேரும் வரிக்கணக்குக் கொடுத்த பிறகு, உண்மையான வருமானத்தோடு ஒப்பிடுகிறார்கள். வருமானம் மதிப்பீட்டை விடக் கூடியிருந்தால், அதிகமாகத் தந்ததைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வரும்.

எங்களுக்கு ஒக்டோபரில் வந்தது. 2023-24 நிதியாண்டுக்கு 4,618 டொலர். அன்று பின்னேரம் கணவர் வேலையால் வரும்வரை அந்தக் கடிதத்தை மைக்ரோவேவுக்கு மேல் கவிழ்த்து வைத்திருந்தேன். திருப்பிப் பார்க்கப் பயம்.

அடுத்த சனிக்கிழமை மேல்மாடிக்குப் போனோம். சுவரில் நல்லூர்க் கந்தன் படம், கீழே ஒரு சின்ன மின்விளக்கு. எங்கள் வரிக்கணக்கைச் செய்கிற அண்ணை கடிதத்தைக் கண்ணாடி மேசையில் விரித்து, பச்சைப் பேனையால் தொகையின் கீழே இரண்டு கோடு போட்டார். சின்னவனுக்கு மேசை லாச்சியில் இருந்து ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார். என் அம்மாவின் ஊரைச் சொன்னதும் அங்கே தனக்குச் சொந்தக்காரர் இருப்பதாகச் சொன்னார். பிறகு சொன்னது வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

"தங்கச்சி, இதுக்குப் போய் அழுறதே? இது ரொபோடெட்தான். அந்த விளையாட்டைத் திரும்பத் தொடங்கியிட்டாங்கள். நீங்கள் ஒரு சதம் கட்டத் தேவையில்லை. நான் எழுதி அழிச்சுத் தாறன்."

ரொபோடெட் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு லேசானது. அந்த அநியாயத்தைப் பற்றி செய்திகளில் எவ்வளவு பார்த்திருக்கிறோம். கணினி போட்ட பிழைக் கணக்கால் எத்தனை ஏழைகள் இல்லாத கடனைக் கட்டினார்கள். அரசாங்கமே பிறகு காசைத் திருப்பிக் கொடுத்தது. அப்படியானால் எங்களுடையதும் பொய்க் கடன்தான் என்று நினைத்தேன். என் கணவர் மட்டும், "எங்கடை வருமானம் கூடினது உண்மைதானே அண்ணை?" என்று கேட்டார். "அது வேற, இது வேற" என்று அவர் சிரித்தார். அந்த இடத்தில் நான் என் கணவரின் கையை அமத்திப் பேசாமல் இருக்கச் சொன்னேன். அதை நினைக்கும்போதுதான் இப்போது வயிறு எரிகிறது.

கட்டணம் 1,650 டொலர். அன்றைக்கே 650, அடுத்த கிழமை 1,000. ஆங்கிலத்தில் இரண்டு பக்கத் தாள், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒட்டுத்தாள் ஒட்டி வைத்திருந்தார். வாசிக்காமல் போட்டேன். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "ஒண்டு மட்டும். அவங்களுக்கு நீங்களா ஃபோன் எடுக்காதைங்கோ. எடுத்துக் கதைச்சால் கடனை ஒத்துக்கொண்ட மாதிரி."

தயவுசெய்து இந்த வசனத்தை ஞாபகம் வைத்திருங்கள். இந்த ஒரு வசனத்தால்தான் நான்கு மாதம் எங்களைக் கட்டிப்போட்டார்.

நவம்பரில் எங்கள் கொடுப்பனவில் இருந்து இரண்டு கிழமைக்கு 140 டொலர் வெட்டத் தொடங்கினார்கள். ஓடிப்போய்க் கேட்டேன். "அது தன்பாட்டிலை நடக்கிறது. ஃபைல் போட்டாச்சு. பன்னிரண்டு கிழமை எடுக்கும்." டிசம்பரில் கேட்டால் கிறிஸ்மஸ் முடியட்டும். ஜனவரியில் வாட்ஸ்அப்பில் ஏழு செய்தி அனுப்பினேன். நீலக் கோடு விழும், பதில் வராது. ஃபோன் எடுத்தால் வரவேற்பில் இருக்கும் பிள்ளை, "அண்ணை கிளையண்டோட இருக்கிறார்" என்பாள். ஒருநாள் நேரே போனேன். "அண்ணை வெளியிலை போயிட்டார் அக்கா" என்றாள். கதவுக்கு உள்ளே அவர் குரல் கேட்கிறது. வேறு யாருக்கோ, "இதுக்குப் போய் அழுறதே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்றிரவு நித்திரை இல்லை. நேற்று முன்தினம் காலை 131 202-க்கு எடுத்தேன். அது நம் மொழியில் கதைக்கக்கூடிய அரசாங்க இலக்கம். தமிழ் என்று சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள், அதற்குக் காசு இல்லை. எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். ஆனால் காசு, சட்டம் என்று வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மொழிபெயர்த்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "உங்கள் பெயரில் மறுபரிசீலனை விண்ணப்பம் எதுவும் பதிவில் இல்லை. உங்கள் சார்பில் கதைக்க நீங்கள் யாரையும் நியமித்ததாகவும் பதிவு இல்லை."

எங்கள் சார்பில் ஒருவர் கதைக்க வேண்டுமென்றால் நாங்கள் அவரை முறைப்படி நியமிக்க வேண்டும். அந்தப் படிவத்தை அவர் எங்களிடம் கேட்டதே இல்லை. முதல் நாளிலேயே இதைச் செய்யும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை.

அந்த அழைப்பிலேயே, 140 டொலர் வெட்டினால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று சொன்னேன். வாடகை, செலவு எல்லாம் கேட்டார்கள். 60 டொலருக்குக் குறைத்தார்கள். காத்திருந்த நேரத்தோடு சேர்த்து முக்கால் மணித்தியாலம் பிடித்திருக்கும். 1,650 டொலர் வாங்கியவர் நான்கு மாதமாகச் செய்யாததைச் சதம் செலவில்லாமல் நானே செய்தேன்.

நேற்று இலவச சமூக சட்ட மையத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் கடிதத்தைப் பார்த்துவிட்டு, பெரியவளின் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். நாங்கள் கொடுத்த மதிப்பீடு 71,000. உண்மையில் வந்தது 94,090. வித்தியாசம் 23,090. எங்கள் வருமானம் விழும் அந்தப் படியில், கூடுகிற ஒவ்வொரு டொலருக்கும் 20 சதம் கொடுப்பனவு குறையும். 23,090-ஐ 20 சதத்தால் பெருக்கினால் 4,618.

ஒரு டொலர் கூடப் பிசகவில்லை. கடன் சரியான கடன்.

ரொபோடெட் கதையும் பொய். அந்தத் திட்டத்தில், வேலை இல்லாதவர்கள் போன்றோருக்குத் தரும் கொடுப்பனவைத்தான் பிழையாகக் கணக்கிட்டார்கள். அந்தக் கொடுப்பனவு ஒவ்வொரு இரண்டு கிழமையும் உழைத்ததைப் பொறுத்தது. அவர்களோ வருட வருமானத்தை எடுத்து 26 ஆகப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் அவ்வளவு உழைத்ததாகக் கடன் எழுதினார்கள். அது சட்டப்படி செல்லாது. 2019 நவம்பரில் அந்தப் பழக்கத்தை நிறுத்தினார்கள், 2023 ஜூலையில் அதை விசாரித்த றோயல் கொமிஷன் என்ற ஆணைக்குழுவின் அறிக்கையும் வந்தது. ஆனால் ஃபமிலி டாக்ஸ் பெனிபிட் ஆரம்பத்தில் இருந்தே முழு வருட வருமானத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. பிரிப்பதற்கே அங்கே ஒன்றும் இல்லை. வரிக்கணக்குத் தொழில் செய்கிற ஒருவருக்கு இது தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இதைவிடப் பெரிய கொதிப்பு இன்னொன்று. அந்த 23,090-இல் 15,590 இரவு வேலையும் ஓவர்டைமும். அதை உடனே அறிவிக்காதது எங்கள் பிழை, ஒத்துக்கொள்கிறேன். மிச்சம் 7,500, சம்பளத்தில் இருந்து சூப்பர் என்ற ஓய்வுகால நிதிக்குள் கூடுதலாகப் போட்டது. போடச் சொன்னது இதே அண்ணைதான். "வரி குறையும் தங்கச்சி" என்றார். வரி குறைந்தது உண்மை. ஆனால் குடும்பக் கொடுப்பனவுக்கு வருமானம் பார்க்கும்போது அந்தக் காசைத் திரும்பக் கூட்டிக்கொள்வார்கள். வாடகைக்கு விட்ட வீட்டில் வந்த நட்டத்தையும் அப்படித்தான் கூட்டுவார்கள். அதை அவர் சொல்லவே இல்லை. 7,500-க்கு 20 சதப்படி 1,500 டொலர். எங்கள் கடனில் 1,500 டொலர் அவர் சொன்ன அரைகுறை ஆலோசனையால் வந்தது. அந்தக் கடனை அழிக்கிறேன் என்று அவரே இன்னும் 1,650 வாங்கினார்.

கடனைத் தள்ளுபடி செய்ய முடியாதா என்றும் சட்ட மையத்துப் பெண்ணிடம் கேட்டேன். அது முழுக்க அரசாங்கத்தின் பிழையால் வந்திருக்க வேண்டும், நாங்கள் நல்ல நம்பிக்கையோடு காசை வாங்கியிருக்க வேண்டும், திருப்பிக் கட்டினால் கடுமையான கஷ்டத்தில் விழ வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அந்த வழி. எங்களுக்கு முதலாவதே இல்லை. விசேஷ சூழ்நிலை என்று இன்னொரு வழி இருக்கிறதாம், அதுவும் எங்களுக்குப் பொருந்தாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அங்கிருந்து நேரே மேல்மாடிக்குப் போனேன். இந்த முறை உள்ளேயே போய்விட்டேன். காசைத் திருப்பித் தாருங்கள் என்றேன். "1,650 ஆலோசனைக் கட்டணம். கையெழுத்து வைச்சனீங்கள்தானே? வாசிக்கேல்லையோ?" என்றார். மறுபரிசீலனை விண்ணப்பத்தின் பிரதியைக் காட்டச் சொன்னேன். "மிஸிஸ், வருமானத்தைக் குறைச்சுச் சொன்னது உங்கடை மனுசன். என்னோடை ஏன் கத்துறீங்கள்?" என்றார். நான்கு மாதமாகத் தங்கச்சி என்றவர், காசு கேட்டதும் மிஸிஸ் என்கிறார். சின்னவன் அந்த மேசை லாச்சியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வரி முகவர்களைப் பதிவுசெய்யும் சபையான டாக்ஸ் பிரக்டிஷனர்ஸ் போர்டுக்கு நேற்றிரவே முறைப்பாடு எழுதினேன். கட்டணத்துக்காக, வாடிக்கையாளர் முறைப்பாடுகளைப் பார்க்கும் அரசாங்க அலுவலகமான ஃபெயார் ட்ரேடிங்குக்கும் எழுதுகிறேன்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒழுங்காக எழுதத்தான் உட்கார்ந்தேன். பெரியவளைக் கூட்டிவர நேரமாகிவிட்டது, அவசரமாகச் சிலதைச் சொல்கிறேன். கடிதம் வந்தால் முதலில் நீங்களே 131 202-க்கு எடுங்கள். கணக்கை விளக்கச் சொல்லிக் கேளுங்கள். பிழை என்று பட்டால் மறுபரிசீலனை நீங்களே கேட்கலாம், காசு இல்லை. முடிவு வந்து 52 கிழமைக்குள் கேட்க வேண்டும். வெட்டும் தொகையைக் குறைக்கக் கேட்கலாம். ஓவர்டைம் கூடினால் அன்றைக்கே மதிப்பீட்டை மாற்றுங்கள், வருட முடிவு வரை வைத்திருக்காதீர்கள். நிதியாண்டு முடிந்து ஒரு வருடத்துக்குள் வரிக்கணக்கைக் கொடுக்காவிட்டால் அந்த வருடம் வாங்கிய முழுவதையும் திருப்பிக் கேட்கலாம், அதிலும் கவனம். ஃபோன் எடுக்காதே என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சனிக்கிழமை காலை கணவரும் நானும் ரசீதோடு திரும்பப் போகிறோம். அந்த ரசீதில் 1,650-க்கு நேரே "ஆலோசனை" என்று ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. கடனை அழிப்பதற்கென்று சொல்லி உங்களிடமும் யாராவது இப்படிக் காசு வாங்கியிருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். அன்றைக்கு அந்தக் கதவுக்கு உள்ளே அழுதுகொண்டிருந்தவர் இதை வாசித்தால், தயவுசெய்து இரண்டாவது தவணையைக் கட்டிவிடாதீர்கள்.