வட்டத்துக்குள் ஒளித்துவைத்த இடம்: ஒரு கூடாரச் சந்தாவும் இரண்டு மலைகளும்

இங்கிலாந்தில் பதினான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கும் நாங்கள் கடந்த டிசம்பர் விடுமுறைக்குக் கரூர் வந்தபோது, உறவினர் வீடுகளுக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் போக மீதமிருந்த ஐந்து நாட்களில் இரண்டு இரவுகளையாவது பிள்ளைகளோடு மலையில் கூடாரமடித்துக் கழிக்க வேண்டும் என்று புறப்படும் முன்பே தீர்மானித்திருந்தோம். அங்கே எங்களுக்கு இது பழகிய வழக்கம். 1901இல் தொடங்கப்பட்ட கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப்பில் ஆண்டுச் சந்தா செலுத்தினால், உறுப்பினர்கள் மட்டுமே தங்கக்கூடிய சிறு தளங்களின் பட்டியல் கிடைக்கும். பெரும்பாலும் அவை ஏதோ ஒரு விவசாயியின் வயலோரமாக இருக்கும். ஐந்து கேரவன்களுக்கும் பத்துக் கூடாரங்களுக்கும் மேல் அனுமதியில்லை. தண்ணீர்க் குழாய் ஒன்றும் கழிவைக் கொட்ட ஓரிடமும் இருந்தால் அதுவே பெரிய வசதி. எனவே, கூட்டமில்லாத இடத்தைக் காட்டித்தருவதற்குச் சந்தா வாங்கும் நிறுவனம் ஒன்று நம்மூரிலும் இயங்குவதாக அறிந்தபோது, அதிகம் யோசிக்காமல் சேர்ந்துவிட்டேன். கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஆண்டுச் சந்தா 2,999 ரூபாய். அதைக் கட்டிய பிறகுதான் தளங்களின் படங்களும் பிற உறுப்பினர்களின் கருத்துகளும் திறக்கின்றன. அப்போதும் இடம் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. வரைபடத்தில் சுமார் ஐந்து கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பச்சை வட்டம் மட்டும் தெரியும். ஓர் இரவுக்கான வாடகையையும் செலுத்தி முன்பதிவு செய்தால், தங்கும் நாளுக்கு 24 மணி நேரம் முன்னதாகச் சரியான இடம் குறுஞ்செய்தியில் வந்துசேரும். ஒதுக்குப்புறமான இடம் ஊரறிந்த இடமாகிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு என்று விளக்கியிருந்தார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது.

பணம் செலுத்துவதே தனி வேலையானது. அவர்களுடைய படிவம் பத்து இலக்க இந்திய எண்ணைத் தவிர வேறெதையும் ஏற்கவில்லை. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கோடு இணைந்த பிரிட்டன் எண்ணைக் கொண்டே யு.பி.ஐ. பயன்படுத்த 2023 ஜனவரியிலேயே வழி திறந்தாகிவிட்டது. ஆனால் வங்கி திறந்த கதவை நிறுவனத்தின் படிவம் சாத்திவைத்திருந்தால் என்ன செய்வது? கடைசியில் என் தம்பியின் எண்ணில், தம்பியின் பெயரில் சந்தா கட்டினோம். அவன் வேலை செய்யும் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் சத்தத்துக்கு நடுவே தொலைபேசி ஒலிப்பது கேட்காது என்பதால், ஒவ்வொரு ஓ.டி.பி.க்கும் அவனுடைய மேற்பார்வையாளரை அழைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் முறை அழைத்தபோது அந்த நல்ல மனிதர், “நானே வாங்கிச் சொல்லிடறேங்க, நம்பரைக் குறிச்சுக்குங்க” என்றார்.

முதல் தளம் தாண்டிக்குடிப் பக்கம், கொடைக்கானல் கீழ்மலையில் ஒரு காப்பித் தோட்டத்தின் கோடியில் இருந்தது. படத்தில் இரண்டு கூடாரங்களும் அவற்றுக்குப் பின்னால் மஞ்சுமூட்டமும் மட்டுமே தெரிந்தன. ‘சரிபார்க்கப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் ஒரு டிக் குறியும் இருந்தது. கரூரிலிருந்து வாடகைக் காரில் புறப்பட்டு, வத்தலக்குண்டு தாண்டி மலையேறி, கடைசி ஒன்றரைக் கிலோமீட்டருக்கு உள்ளூர் ஜீப் பிடித்து மாலை நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பொறுப்பாளராக இருந்த பையனுக்கு இருபது வயதுக்குள்தான் இருக்கும். சந்தா என் பெயரில் இல்லாததால் முதலில் எங்களை உள்ளே விடவே தயங்கினான். தம்பியோடு காணொளி அழைப்பில் பேசிய பிறகே இறங்கிவந்தான். நான்கு பேருக்கானது என்று எழுதியிருந்த கூடாரத்தில் நால்வர் படுத்தால் ஒருவர் திரும்பும்போது மற்ற மூவரும் திரும்ப வேண்டும். அதையெல்லாம் நாங்கள் பொருட்படுத்தவில்லை.

என் மகள்தான் முதலில் அதைப் பார்த்தாள். கூடாரக் கயிற்றைக் கட்டியிருந்த முளைக்கு இரண்டடி தள்ளி, வாழை நார் நாராகக் கிடந்த ஒரு குவியல், யானை லத்தி. பத்தடிக்கு அப்பால் வாழைக்கன்றுகள் வரிசையாக முறிந்து கிடந்தன. சோலார் வேலியின் கம்பி ஒரு கம்பத்திலிருந்து அவிழ்ந்து புல்லின் மேல் தொங்கியது. பையனிடம் கேட்டபோது, “அது பழசுண்ணா, ஒரு வாரம் இருக்கும்” என்று ஆறுதல் சொன்னான். எங்களை இறக்கிவிட்ட ஜீப்காரர் கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் இந்த உரையாடலில் கலந்துகொள்ளாமல், சரிவுக்குக் கீழே தெரிந்த ஓடையைக் கையால் காட்டி, “தண்ணிக்கு இப்படித்தான் வரும், இப்படித்தான் போகும்” என்று மட்டும் சொன்னார். அவர் கையின் வழி சரியாகக் கூடாரங்களுக்கு நடுவே போயிற்று.

2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே, இதேபோல் காட்டோரத்தில் போட்டிருந்த கூடாரத்தில் தங்கிய இளம்பெண் ஒருவர் யானை தாக்கி இறந்த செய்தியை என் மனைவி மறந்திருக்கவில்லை. அவர் பையைத் திறக்கவே இல்லை. மறுநாள் காலை காட்டுக்குள் ‘யாரும் அறியாத’ அருவிக்கு நடைப்பயணம் என்று தொகுப்பில் எழுதியிருந்ததைப் பற்றியும் பையனிடம் கேட்டேன். வனத்துறை அனுமதி என்ற சொல்லே அவனுக்குப் புதிதாக இருந்தது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் மாண்ட பிறகு, அனுமதியின்றி வனத்துக்குள் ஆட்களை அழைத்துச் செல்வதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் தனி விதிகளே வந்துவிட்டன. நடக்க விரும்புவோருக்காக 2024 அக்டோபரில் அரசே நாற்பது பாதைகளைத் திறந்து, உள்ளூர் வழிகாட்டிகளையும் நியமித்திருக்கிறது. காசு கொடுத்து ரகசிய அருவிக்குப் போய் வழக்கு வாங்கிக்கொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

அங்கிருந்து கொடைக்கானலுக்குப் போய்விடலாம் என்றால், 2024 மே மாதத்திலிருந்து அதற்கு இ-பாஸ் வேண்டும். எங்கள் எல்லா விவரங்களும் தம்பியின் எண்ணில் இருந்தன. தம்பியோ அன்று இரவுப் பணியில் இருந்தான். வத்தலக்குண்டில் ஒரு விடுதியில் தங்கினோம். பக்கத்துக் கூடாரத்துக்கு வந்திருந்த சென்னை இளைஞர்கள் நால்வர், நாங்கள் சொன்னதைக் கேட்டும் அங்கேயே தங்கினார்கள். அன்றிரவு அவர்களுக்கு எதுவும் நேரவில்லை என்பதையும், மறுநாளே அத்தளத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள் என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். பாதுகாப்பைப் பற்றி நான் எழுதிய கருத்து ‘பரிசீலனையில்’ என்ற குறிப்போடு பதினொரு நாட்கள் வெளிவராமலே இருந்தது.

வாடகை 3,400 ரூபாயைத் திருப்பிக் கேட்டபோதுதான் அந்த 24 மணி நேர ஏற்பாட்டின் மறுபக்கம் விளங்கியது. தங்கும் நாளுக்கு 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பது அவர்கள் விதி. அதாவது, இடம் எங்கே இருக்கிறது என்று வாடிக்கையாளருக்குத் தெரியவரும் அதே நிமிடத்தில் ரத்து செய்யும் உரிமை முடிந்துபோகிறது. அது பட்டா நிலமா, யானைத் தடமா, மண்பாதையில் சிறிய கார் போகுமா என்று விசாரித்துப் பார்ப்பதற்கு ஒரு மணி நேர அவகாசம்கூட இல்லை. இது தற்செயலாக அமைந்தது என்று நம்புவதற்கு எனக்கு விருப்பம்தான்.

முதலில் பணத்துக்குப் பதிலாக அடுத்த முன்பதிவில் கழித்துக்கொள்ளும் புள்ளிகள் தருவதாகச் சொன்னார்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகாரைப் பெற்றுக்கொண்டதைக் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று நான் எழுதினேன், பதில் இல்லை. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தம்பி பதிவு செய்தான். மொத்தத்தில் பத்தொன்பதாம் நாள் 3,400 ரூபாய் வந்தது. ‘வசதிக் கட்டணம்’ என்று பிடித்த 149 ரூபாய் மட்டும் வரவில்லை. என்ன வசதி என்று கேட்பதை விட்டுவிட்டேன்.

இரண்டாவது தளத்தை ரத்து செய்துவிடலாம் என்றே மனைவி சொன்னார். அது கொல்லிமலையில் இருந்தது. அங்கே யானைகள் கிடையாது என்ற ஒரே காரணத்தால் சம்மதித்தார். இந்தமுறை எதிர்பாராத ஒன்று நடந்தது. நிறுவனம் இடத்தைச் சொல்வதற்கு இரண்டு நாட்கள் முன்னதாகவே நிலத்தின் உரிமையாளர் தம்பியின் எண்ணுக்கு அழைத்து, வண்டி பெரியதா சிறியதா, எத்தனை பிள்ளைகள், யாருக்கேனும் வளைவுகளில் வாந்தி வருமா என்றெல்லாம் விசாரித்திருக்கிறார். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி நாங்கள் செம்மேட்டை அடைந்தபோது, அவர் இருசக்கர வண்டியில் காத்திருந்து முன்னே வழிகாட்டிச் சென்றார்.

சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறிய ஒரு தோட்டத்தின் நடுவில் இரண்டே கூடாரங்கள். சிமென்டில் கட்டிய கழிப்பறை, வாளி, குழாய், பூட்டும் தாழ்ப்பாள். கூடாரத்திலிருந்து கழிப்பறைக்குப் போகும் இருபது தப்படி தூரத்துக்கு, பலாமரக் கிளையில் ஒரு விளக்கைப் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கவிட்டிருந்தார். இரவு ஒன்பதுக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது என்று அட்டையில் எழுதி மாட்டியிருந்தார். தங்குவிடுதியாகச் சுற்றுலாத் துறையில் பதிவுசெய்த சான்றிதழும் அதன் பக்கத்தில் இருந்தது. எங்கள் பிள்ளைகளிடம் பிரிட்டன் கடவுச்சீட்டு இருப்பதைக் கண்டதும், “அப்ப சி பாரம் போடணுமுங்க” என்று தானாகவே மடிக்கணினியை எடுத்துவந்தார். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரப் படிவத்தைப் பதிவேற்ற வேண்டும். தாண்டிக்குடியில் அப்படியொன்று இருப்பதே தெரியாது. நிறுவனத்தின் முன்பதிவுப் பக்கத்திலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பிள்ளைகளோடு வரும் நம்மவர்கள் பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.

அந்த மாலையில் அவரிடம், பச்சை டிக் குறி வாங்குவதற்கு யார் வந்து என்ன பார்த்தார்கள் என்று கேட்டேன். “யாரும் வரலைங்க. ஆதார், பேங்க் பாஸ்புக், அப்புறம் பத்து போட்டோ அனுப்பச் சொன்னாங்க, அவ்வளவுதானுங்க” என்றார். பக்கத்துக் கூடாரத்தில் தங்கியிருந்த கோயம்புத்தூர் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். இதே சந்தாவில் அவர்கள் சென்ற மூன்று தளங்களில் ஒன்றில் கழிப்பறைக் கதவே இல்லையாம், இன்னொன்று நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் லாரிச் சத்தத்தோடு இருந்ததாம். மூன்றாவது இது, இங்கே இரண்டாம் முறையாக வந்திருக்கிறார்கள். அந்த அம்மையார் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்தது: சந்தாப் பணத்தை இந்த ஒரு மனிதரின் முகவரிக்குக் கொடுத்த விலை என்று வைத்துக்கொண்டால் நட்டமில்லை என்றார்.

எனக்கும் அப்படியே தோன்றுகிறது. இங்கிலாந்தின் சிறு தளங்களில் நான் சந்தா கட்டுவது இடம் மறைவாக இருப்பதற்காக அன்று, எத்தனை கூடாரம், எவ்வளவு தண்ணீர் என்று யாரோ ஒருவர் முன்பே பார்த்து வரையறுத்திருக்கிறார் என்பதற்காக. இங்கே மறைவை மட்டும் விற்றுவிட்டு, பார்க்கும் வேலையை ஜீப்காரருக்கும் என் மகளுக்கும் விட்டுவிட்டார்கள். தனியாகப் பைக்கில் சுற்றி, இடம் சரியில்லை என்றால் இரவோடு இரவாக வேறிடம் போகக்கூடியவர்களுக்கு இது ஒருவேளை உதவலாம். குறைந்த நாட்களும் சிறு பிள்ளைகளும் உள்ளவர்கள், உரிமையாளரின் குரலைத் தொலைபேசியில் கேட்காமல் பணம் கட்ட வேண்டாம் என்றே சொல்வேன்.

கிளம்பும்போது கொல்லிமலைக்காரர் அரைக்கிலோ மிளகைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, அடுத்தமுறை நேரடியாகவே அழைக்கச் சொன்னார். நிறுவனத்தின் விதிப்படி, சந்தா நடப்பில் இருக்கும்வரை உறுப்பினர்கள் உரிமையாளரிடம் நேரடியாகப் பதிவு செய்யக் கூடாது. எங்கள் சந்தா வரும் டிசம்பர் பத்தாம் தேதி முடிகிறது. தானாகப் புதுப்பிக்கும் ஒப்புதலைத் தம்பி வங்கிச் செயலியில் ரத்து செய்துவிட்டான். நாங்கள் ஊருக்கு வருவது இருபதாம் தேதி.