லாரி டயரின் ஆயுளில் மிச்சம் எங்கே இருக்கிறது? மூன்று வழிகளின் ஒப்பீடு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரி வைத்து ஓட்டுபவர்களுக்கு, டீசலுக்கும் சுங்கக் கட்டணத்துக்கும் அடுத்தபடியாகக் கையைக் கடிக்கும் செலவு டயர்தான். ரப்பர் தோட்டத்தில் தொடங்கி, ஆலையில் உருப்பெற்று, நெடுஞ்சாலையில் தேய்ந்து, கழிவுக் குவியலில் முடியும் அந்த டயரின் ஆயுளில், எந்தக் கட்டத்தில் கை வைத்தால் பணமும் இயற்கை வளமும் ஒருசேர மிஞ்சும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. உரிமையாளர் முன் மூன்று வழிகள் உள்ளன. மலிவான புது டயர் வாங்கி, தேய்ந்ததும் விற்றுவிடலாம். தரமான ரேடியல் டயர் (உள்ளிழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்குறுக்காக ஓடும் வகை) வாங்கி, தேய்ந்ததும் ரீட்ரெடிங் செய்து, அதாவது மேலே புது ரப்பர் பட்டையை ஒட்டி, மீண்டும் ஓட்டலாம். டயரைச் சொந்தமாக வாங்காமல், ஓடிய கிலோமீட்டருக்கு மட்டும் கட்டணம் செலுத்தலாம்.

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வண்டிக் கடனின் தவணை நெருங்கும் மாதத்தில் கையிலிருக்கும் பணத்துக்கு எது கிடைக்குமோ அதை வாங்குவது இயல்பு. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏறத்தாழ 55 கிலோ எடையுள்ள ஒரு லாரி டயரில் தேய்ந்து போவது பட்டன் பகுதி, அதாவது சாலையில் படும் மேல் ரப்பர், மட்டுமே. எடையில் அது சுமார் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு, அதாவது இரும்புக் கம்பி இழைகளும் இயற்கை ரப்பரும் சேர்ந்த கேசிங், நன்றாக இருக்கும்போதே பழைய இரும்பு விலைக்குப் போய்விடுகிறது. டயரின் விலையில் பெரும்பகுதி அந்தக் கேசிங்குக்குத்தான் கொடுக்கப்பட்டது என்பதால், நட்டம் அங்கேயே தொடங்குகிறது.

இரண்டாவது வழி இந்தக் கேசிங்கை மையமாகக் கொண்டது. ரீட்ரெடிங் பட்டறையில் டயரை விரிப்பானில் மாட்டி, உட்புறத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, கையால் தடவி, ஆணித் துளை, கம்பி அறுந்த இடம், பக்கச் சுவரில் உப்பல் ஆகியவற்றைத் தேடுகிறார்கள். தேறிய டயரின் பழைய பட்டன் பஃபிங் எந்திரத்தில் சீராகச் சீவப்படுகிறது. துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அந்த இடத்தைத் தோண்டிச் சுத்தம் செய்து நிரப்புகிறார்கள். பின்னர் குஷன் கம் என்ற ஒட்டு ரப்பர் படலத்தை ஒட்டி, முன்பே வேகவைத்த பட்டன் பட்டையைச் சுற்றி, உறையிட்டு, அழுத்தக் கலனில் சுமார் 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பதப்படுத்துகிறார்கள். அச்சில் வைத்து வார்க்கும் பழைய சூடான முறையில் வெப்பம் 150 டிகிரியை ஒட்டிச் செல்லும். முன்னே சொன்ன, குளிர் முறை எனப்படும் வழியில் வெப்பம் குறைவு என்பதால் கேசிங்குக்கு வரும் சோர்வும் குறைவு. புது டயர் ஒன்றுக்கு ஆகும் எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கே ரீட்ரெடிங்குக்கு ஆகிறது என்று இத்துறையில் வழக்கமாகக் கணக்கிடுவார்கள். நல்ல கேசிங் இரண்டு முறைகூடத் தாங்கும்.

இந்த வழிக்கும் ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. டயரின் ஆயுள் முழுவதையும் கணக்கில் எடுத்தால், சுற்றுச்சூழல் சுமையில் மிகப் பெரும்பகுதி ஆலையிலும் இல்லை, குப்பையிலும் இல்லை. அது சாலையில் எரியும் டீசலில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஓடும் கனரக வண்டியின் எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு வரை டயரின் உருளல் தடையை, அதாவது உருளும்போது டயர் காட்டும் எதிர்ப்பை, வெல்வதற்கே செலவாகலாம். ஆகவே மட்டமான பட்டன் ரப்பரை ஒட்டிய டயரை நெடுந்தொலைவு ஓடும் வண்டியில் மாட்டினால், டயரில் மிச்சம் பிடித்ததை டீசல் பங்க்கில் கொட்டிவிட நேரும். ஜல்லி, மணல் ஏற்றிக் குறைந்த தொலைவு ஓடும் வண்டிகளுக்கு இந்தக் கவலை மிகக் குறைவு. அங்கே ரீட்ரெடிங் ஐயமின்றி வெல்கிறது.

மூன்றாவது வழியை ஐரோப்பாவில் மிஷ்லின் போன்ற நிறுவனங்கள் பெரிய வண்டிக் கூட்டங்களுக்காக வளர்த்தெடுத்தன. டயர் நிறுவனத்தின் உடைமையாகவே இருப்பதால், அது அதிகக் காலம் உழைக்க வேண்டும் என்ற அக்கறை விற்பவருக்கே வந்துவிடுகிறது. காற்றழுத்தம் பார்ப்பது, இடம் மாற்றுவது, சரியான நேரத்தில் ரீட்ரெடிங்குக்கு அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. கொள்கை அளவில் மூன்றிலும் மிகச் சிறந்தது இதுதான் என்று நான் கருதுகிறேன். ஆனால் ஓடிய தூரத்தைச் சரியாகக் காட்டும் பதிவும், வண்டிகள் திரும்பி வரும் நிலையான பணிமனையும் இதற்குத் தேவை. இரண்டு, மூன்று லாரி வைத்துக் கிடைத்த லோடுக்கு எங்கும் ஓடுபவரிடம் இந்த இரண்டும் இருப்பது அரிது.

கழிவுக் கட்டத்தில் மதிப்பு தேடுவோரும் உண்டு. பைரோலிசிஸ் ஆலையில் டயரைக் காற்றுப் புகாமல் சூடாக்கிச் சிதைத்தால் எண்ணெயும் கரியும் இரும்பும் கிடைக்கும்; தூளாக்கினால் சாலை போடும் தாரில் கலக்கலாம். எனினும் ஒரு கட்டமைப்பாக உழைக்கக்கூடிய பொருளை எரிபொருளாகவோ தூளாகவோ ஆக்குவது கடைசி வாய்ப்பாகவே இருக்க வேண்டும். இந்தியாவில் 2022 ஜூலையில் வந்த கழிவு டயர் விதிகள், உற்பத்தியாளருக்குக் கழிவின் பொறுப்பைச் சுமத்தியதோடு, ரீட்ரெடிங் செய்யப்பட்ட அளவுக்கு அந்தப் பொறுப்பைத் தள்ளிப்போடவும் இடம் தந்தன. ஆயுள் நீட்டிப்பைக் கழிவு மேலாண்மையின் அங்கமாக ஏற்ற இந்த நிலைப்பாடு சரியானது.

சிறு உரிமையாளருக்கு என் பரிந்துரை இரண்டாவது வழிதான். ஆனால் சக்கரத்துக்குச் சக்கரம் பிரித்துச் செய்ய வேண்டும். முன் சக்கரங்களில் எப்போதும் புது ரேடியல் டயரை மாட்டி, பட்டன் கேசிங் வரை தேயும் முன்னரே கழற்றி, ரீட்ரெடிங் செய்து பின் சக்கரங்களுக்குக் கொண்டு செல்லலாம். இதில் உண்மையான எதிரி குறைந்த காற்றழுத்தம். காற்றில்லாமல் ஓடிய டயரின் பக்கச் சுவர் சூடாகி, உள்ளிருக்கும் கம்பிகள் தளர்ந்துவிடும். பட்டன் பாதி மீந்திருந்தாலும் அந்தக் கேசிங் உதவாது. வாரம் ஒருமுறை கேஜ் வைத்து அழுத்தம் பார்த்து, டயர் எண் வாரியாக மாட்டிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். பட்டறையில் ஒரு டயரைத் தள்ளுபடி செய்தால், அதன் காரணத்தையும் கேட்டு அதே நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஆணித் துளையா, அதிகச் சுமையா, காற்றுக் குறைவா என்று தெரிந்தால்தான் அடுத்த டயரில் எதைத் திருத்துவது என்பது புலப்படும்.