சிறு போர்வீரர்களுக்கு வயேஹோ வர்ணங்கள்

மேசைப் போர் விளையாட்டுக்கான 28 மில்லிமீற்றர் உருவங்களுக்கு, ஸ்பெயினின் வயேஹோ நிறுவனம் தயாரிக்கும் 'மொடல் கலர்' அக்ரிலிக் வர்ணங்களை யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தையில் வைத்து ஒரு வருடமாகத் தீட்டி வருகிறேன். புட்டியின் வாய் கண்ணுக்கு விடும் மருந்துக் குப்பியின் வாயைப் போல் ஒடுங்கியிருப்பதால், தேவையான இரண்டு சொட்டை மட்டும் எடுக்க முடிகிறது. மிச்சம் காற்றுப்பட்டுக் காய்வதில்லை. அடியில் தங்கும் நிறப்பொடி கலக்கும்வரை புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும்.

1815ஆம் ஆண்டு வாட்டர்லூச் சமரில் நின்ற பிரித்தானியக் காலாட்படையின் சிவப்பு அங்கியில்தான் இந்த வர்ணத்தின் அருமை தெரிந்தது. கறுப்பு அடிப்பூச்சின்மேல் சிவப்பு நேரே எடுபடாது என்பதால், முதலில் செங்கல் நிறத்தைப் பூசி, அது காய்ந்தபின் நீர்த்த சிவப்பை இரண்டு தடவை ஏற்றினேன். துணியின் மடிப்புகளில் மட்டும் செங்கல் நிறம் நிழலாகத் தங்க, மேடுகள் ஒளிர்ந்தன. மார்பின் குறுக்கே போகும் வெள்ளைப் பட்டிகளைத் தூரிகையின் நுனியால் இழுத்தபோதும் கோடு தடிக்கவில்லை.

சோளகம் வீசும் நாட்களில் தட்டில் விட்ட வர்ணம் சில நிமிடங்களிலேயே ஆடை பிடித்துவிடும். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியொன்றில் நனைத்த ஸ்பொஞ்சை வைத்து, அதன்மேல் கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் எண்ணெய்த்தாளைப் பரப்பி, அதில் வர்ணத்தைக் கலந்தால் மறுநாளும் தீட்டலாம்.

மாரியில் வேறொரு தயாரிப்பின் வார்னிஷைத் தெளித்தபோது, ஈரக்காற்றினால் பன்னிரண்டு வீரர்கள்மீது வெண்மை படிந்துவிட்டது. அன்றிலிருந்து பளபளப்பற்ற வார்னிஷைத் தூரிகையாலேயே பூசுகிறேன்.