படகின் பின்னால் மாட்டும் பழைய அவுட்போர்டு எஞ்சின் வாங்குகிறீர்களா? மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

ரங்கூனைச் சுற்றி தன்லின், டலா, துவாந்தே பக்கம் படகு வைத்திருக்கும் நம் ஆட்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். ரங்கூனில் ஒரு கடையில் 40 குதிரைத்திறன் பழைய எஞ்சின் ஒன்றை 45 லட்சம் கியாட்டுக்கு வாங்கினோம். கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக். "பாட்டரி புத்தம் புதுசு, சாவியைத் திருப்பினால் போதும்" என்றார் கடைக்காரர். தண்ணீர் டிரம்மில் இறக்கித் திருப்பியும் காட்டினார், உடனே பிடித்தது. மேல் மூடியை மட்டும் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால், நானும் மச்சானும் சித்தப்பாவும் துவாந்தேயில் பொங்கல் பானை ஏற்றிக்கொண்டு கால்வாய் வழியாகத் திரும்பினோம். கால்வாய் தாண்டிப் பெரிய ஆற்றில் கொஞ்ச தூரம் வந்ததும் எஞ்சினின் காற்றாடியில் (தண்ணீருக்குள் சுழலும் விசிறியில்) பிளாஸ்டிக் சாக்கு சுற்றிக்கொண்டது. எஞ்சினை நிறுத்தி அறுத்து எடுத்தோம். திரும்பச் சாவியைத் திருப்பினால் டக் டக் என்ற சத்தம் மட்டும்தான். நாலாவது தடவை அதுவும் இல்லை.

அமாவாசைக்கு மறுநாள். அந்த நாட்களில் ரங்கூன் ஆற்றில் தண்ணீர் ஐந்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வற்றம் தொடங்கிவிட்டது. பகோ ஆறு வந்து சேரும் முனையைத் தாண்டி, தன்லின் கரை கண்ணுக்குத் தெரியத் தெரிய, எங்களைத் திலாவா பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அங்கே கப்பல்கள் நிற்கும்.

சித்தப்பா பதறவில்லை. "பாட்டரி செத்தால் என்ன, கயிறு போட்டு இழுப்போம்" என்றார். அவர் சொன்னது சரிதான். இந்த வகை எஞ்சினில் தீப்பொறிக்கு வேண்டிய கரண்ட்டை, உச்சியில் சுழலும் சக்கரமான பிளைவீலுக்கு அடியில் உள்ள கம்பிச் சுருளே உண்டாக்கிவிடும். பாட்டரி சுற்றிவிடுவதற்கு மட்டும்தான். மூடியைக் கழற்றினோம். கயிறு இருக்க வேண்டிய இடத்தில் கயிறு இல்லை. சரி, பானை கட்டிய நைலான் கயிறு இருக்கிறதே என்று டார்ச் அடித்துப் பார்த்தால், பிளைவீலின் மேல் கயிறு சுற்றும் புல்லியே இல்லை. போல்ட் இருந்த மூன்று ஓட்டைகள், அதில் கிரீஸ் அப்பிக் கிடந்தது. புல்லியைக் கழற்றித் தனியாக விற்றிருக்கிறார்கள்! வழுவழுவென்று கிடக்கும் இரும்பில் எதைக் கோத்து எதை இழுப்பது?

நங்கூரம் போட்டோம், பிடிக்காமல் இழுபட்டது. நல்லவேளையாக டலாக்கார பர்மியர் ஒருவர் சம்பானில் (சிறு படகில்) வந்து எங்களைக் கட்டி இழுத்துப் போனார். காசு வாங்க மறுத்துவிட்டார், இரண்டு பானை மட்டும் எடுத்துக்கொண்டார்.

கடைக்குப் போனால், "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று ஒரே வார்த்தை. பாட்டரியின் ஸ்டிக்கரைச் சுரண்டினேன், அடியில் பழைய ஸ்டிக்கர், தேதி இருந்த இடம் தேய்க்கப்பட்டிருந்தது. சும்மா இருக்கும்போது மீட்டரில் 12.6 வோல்ட் காட்டும் அதே பாட்டரி, சாவியைத் திருப்பியதும் 7க்கு விழுந்தது. திருப்பும்போது 9.6க்குக் கீழே போனால் அந்தப் பாட்டரியை நம்பாதீர்கள். ஓய்வில் காட்டும் எண்ணை மட்டும் வைத்துப் பாட்டரி நல்லது என்று சொல்ல முடியாது.

பிறகு டலாவில் வயதான மெக்கானிக் மாமா ஒருவர் புல்லி தேடிப் பூட்டிக் கொடுத்து, கையோடு இழுக்கவும் கற்றுக்கொடுத்தார். முதலில் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்க்கச் சொன்னார். ஏனென்றால் இப்படி இழுக்கும்போது கியரில் கிடந்தாலும் எஞ்சின் பிடித்துவிடும், படகு பாய்ந்து ஆளை ஆற்றில் தள்ளிவிடும். நிறுத்தும் சுவிட்சின் கிளிப் மாட்டியிருக்க வேண்டும். பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் உருண்டை கெட்டியாகும்வரை அமுக்க வேண்டும், எஞ்சின் ஆறியிருந்தால் சோக் இழுக்க வேண்டும். கயிற்று முடிச்சைப் புல்லியின் வெட்டில் கோத்து, வலஞ்சுழியாகச் சில சுற்று சுற்றி, இறுக்கம் தெரியும்வரை மெதுவாக இழுத்து, அப்புறம் ஒரே வீச்சில் நேராக இழுக்க வேண்டும். கயிற்றை விரலில் சுற்றவே கூடாது, நுனியில் ஒரு கட்டை கட்டிக்கொள்ளச் சொன்னார். பிடித்த பிறகு சுழலும் பிளைவீல் மேல் மூடியை மாட்டப் போகக் கூடாது. லுங்கி, துண்டு எதுவும் கிட்டே வரக் கூடாது, பிளக் வயரைத் தொடக் கூடாது. எனக்கு மூன்றாவது இழுப்பில் பிடித்தது. கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரமானது.

இன்ஜெக்‌ஷன் வைத்த பெரிய எஞ்சின் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: பாட்டரி அடியோடு செத்தால் அவற்றில் பலவும் கயிற்றுக்கு மசியாது, பெட்ரோல் பம்புக்கே கரண்ட் வேண்டும். இரண்டாவது பாட்டரி இல்லாமல் ஆற்றில் இறங்காதீர்கள்.

போன வாரம் அந்தக் கடைப் பக்கம் போனேன். புதுப் பெயின்ட் அடித்த மூன்று எஞ்சின்கள் வாசலில் நிற்கின்றன, மூன்றுக்கும் மூடி போட்டிருந்தது. எந்தக் கடையானாலும் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். புல்லி இருக்கிறதா, அதில் முடிச்சு உட்காரும் வெட்டு இருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். கார்புரேட்டர் எஞ்சினானால் பாட்டரி வயரைக் கழற்றிவிட்டுக் கயிற்றில் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.