பயனர் ஆய்வு: வெளி ஏஜென்சியா, சர்வீஸ் மெக்கானிக்கா, சொந்த ஆளா?

வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி கொழிஞ்சாம்பாறை வரை போனாலும் கடைத்தெருவில் தமிழ்தான் காதில் விழும். ஆனால் முகவரி கேரளம். அதனால் நான் வேலை பார்க்கும் கோவை பம்ப் கம்பெனி, அந்தப் பக்கம் விற்ற மொபைல் ஸ்டார்ட்டர் (போனில் நம்பரை அழுத்தி மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் பெட்டி) எல்லாவற்றிலும் வழிகாட்டும் குரலை மலையாளத்தில் போட்டு அனுப்பியது. சித்தூர் தாலுகாவில் ஒரு தென்னந்தோப்புக்குப் போயிருந்தபோது, ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவில் சாக்பீஸால் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: "1 ஓட. 2 நிறுத்த." தோப்புக்காரப் பெரியவர் அந்தக் குரலைக் கேட்பதே இல்லை. நம்பரை அழுத்திவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார். இரண்டு வருஷமாக இப்படித்தான் ஓட்டுகிறார். எங்கள் புகார்ப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. அவர் புகாரே சொல்லவில்லையே!

அதற்கப்புறம்தான் கம்பெனியில் பயனர் ஆய்வுப் பேச்சு, அதாவது வாங்கியவர் பொருளை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று போய்ப் பார்க்கும் பேச்சு, எடுபட்டது. முதலாளி சொன்னால் நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது என்கிற பழைய பாணி நிர்வாகம் எங்களுடையது. அப்படிப்பட்ட இடத்தில் மூன்று வழிகளையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்தோம்.

வெளி ஏஜென்சிக்குப் பழகிய கை உண்டு. உள்ளே இருப்பவர் பத்து தடவை சொல்லியும் ஏறாத விஷயம், வெளியாள் சொன்னால் முதலாளிக்கு ஏறுவதும் உண்டு. புது மாடலுக்கு அச்சு வெட்டும் முன் ஒரு தடவை கூப்பிடலாம். ஆனால் எங்களுக்கு வந்தவர்கள் பார்த்ததெல்லாம் டீலர் கூட்டிவந்த விவசாயிகளை. கடன் சொல்லிப் பொருள் வாங்குகிற டீலரை பக்கத்தில் வைத்துக்கொண்டு யார் குறை சொல்வார்? அழகான அறிக்கை வந்தது, பீரோவில் இருக்கிறது.

சர்வீஸ் மெக்கானிக்குகளைப் பழக்குவது செலவில்லாத வழி. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிணற்று மேடுவரை போகிறவர்கள் அவர்கள்தான். எந்தத் தோட்டத்தில் போர் வற்றுகிறது, எந்த வீட்டில் போன் மருமகள் கையில் இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இந்த வழியில்தான் எனக்கு ஆரம்பத்தில் ஆசை அதிகம். குறை எங்கே என்றால், அவர்கள் போவது ரிப்பேருக்கு. "நல்லா ஓடுதுங்களா?" என்று கேட்பார்கள். "ஓடுதுங்க" என்று பதில் வரும். மீறி விவசாயி தடுமாறினால், மெக்கானிக் போனை வாங்கித் தானே அழுத்திக் காட்டிவிடுவார். நல்ல மனசுதான். ஆனால் நாம் பார்க்க வேண்டியது அந்தத் தடுமாற்றத்தைத்தானே.

கேள்வியை மாற்றிக் கொடுத்தோம். "நேத்து மோட்டார் எப்பப் போட்டீங்க? அதே மாதிரி இப்பப் போட்டுக் காட்டுங்க." அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆறு மெக்கானிக்குகளில் இரண்டு பேருக்கு இது கைவந்தது. மற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை சர்வீஸ் அழைப்புகளை முடிக்க வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது.

மூன்றாவது, ஆய்வுக்கென்றே சொந்த ஆள் ஒருவரை எடுப்பது. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் அவரை எந்தத் துறையில் உட்கார வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் சேல்ஸில் போட்டோம். மூன்றே மாதத்தில் அவர் டீலர் கூட்டத்துக்குப் பேனர் அடிக்கும் ஆளாகிவிட்டார். பிறகு தரக்கட்டுப்பாட்டுக்கு மாற்றினோம். பழைய கம்பெனிகளில் லாரியில் ஏற்றிய சரக்கைக்கூட இறக்கச் சொல்லும் அதிகாரம் அந்தத் துறைக்கு உண்டு. தவிர, ஐ.எஸ்.ஓ. 9001:2015 தரத்தின் 9.1.2 பிரிவே வாடிக்கையாளர் திருப்தியைக் கண்காணிக்கச் சொல்கிறது. வழக்கமாக அதற்கு ஒரு படிவம் போகும், எல்லாரும் "நன்று" என்று டிக் அடிப்பார்கள். அந்தப் படிவத்தின் இடத்தில் தோட்டத்துப் பார்வையை வைத்தால் புதிதாக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

"ஒரே ஆள் எத்தனை பேரைப் பார்ப்பார்?" என்று கணக்குப் பிரிவில் கேட்டார்கள். பயனர் ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-ல் கொடுத்த சூத்திரத்தைக் காட்டினேன். ஒருவர் சராசரியாக 31 விழுக்காடு சிக்கல்களை வெளிக்கொண்டு வந்தால், 5 பேரிலேயே சுமார் 85 விழுக்காடு தெரிந்துவிடும். எங்களுக்கு அது 5 அல்ல, 10. பொள்ளாச்சிப் பக்கம் 5, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 5, ஏனென்றால் இரண்டு இடத்திலும் பயன்படுத்தும் விதம் வேறு. எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதற்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது.

ஆளை எடுத்துவிட்டால் போதுமா என்றால், இல்லை. தீர்மானிக்கிறவர் நேரில் பார்க்க வேண்டும். ஒரு தயாரிப்பில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் 6 வாரத்துக்கு 2 மணி நேரமாவது பயனரை நேரில் பார்க்க வேண்டும் என்று பயனர் ஆய்வு வல்லுநர் ஜாரெட் ஸ்பூல் 2011-ல் எழுதினார். எங்கள் சின்ன முதலாளியை அந்தச் சாக்பீஸ் எழுத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். நான் எதுவும் பேசவில்லை. திரும்பும் வழியில் காரிலிருந்தே டிசைன் பிரிவுக்குப் போன் போட்டு, மொழியைத் தேர்ந்தெடுக்கும் வசதியைச் சேர்க்கச் சொன்னார்.

ஆகவே, ஆள் தேடி விளம்பரம் கொடுக்கும் முன் முதலாளியிடம் அந்த 2 மணி நேரத்துக்குத் தேதி வாங்கிவிடுங்கள். கூடவே, இந்த வேலையில் கை பழகிய மெக்கானிக்குகளுக்கு அன்றைக்கு சர்வீஸ் அழைப்புக் கணக்கு வைக்காதீர்கள்.