தொடர்மாடிக்கு வந்த அனர்த்தச் சட்டப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

அனர்த்த காலச் சட்டங்களை விளக்கும் அரைநாள் பயிற்சியொன்றை, வெள்ளவத்தையிலுள்ள எங்கள் தொடர்மாடியின் நிர்வாகக் குழு தனியார் நிறுவனமொன்றுக்குக் கட்டணம் செலுத்தி ஒழுங்குசெய்திருந்தது. வளவாளர் தாளைப் பார்த்து வாசிக்காமல் நல்ல தமிழில் பேசினார். கொழும்பில் இது எளிதில் வாய்ப்பதில்லை.

முதல் மணித்தியாலம் முழுவதும் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்துக்கே போயிற்று. சுனாமிக்குப் பின் வந்த அச்சட்டத்தின் கீழ் சனாதிபதியைத் தலைவராகவும் பிரதமரை உப தலைவராகவும் கொண்டு அமைந்த தேசிய பேரவையில் எதிர்க்கட்சித் தலைவருக்கும் மாகாண முதலமைச்சர்களுக்கும் இடமுண்டு என்பதைப் படம் போட்டு விளக்கினார். இதனால் எங்களுக்கு ஆகப்போவது என்ன என்று பின்வரிசையில் ஓர் ஐயா கேட்டது நியாயமே.

ஆனால் பலர் குழப்பிக்கொள்ளும் ஒரு விடயத்தை அவர் தெளிவாக்கினார். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பிரகடனம் செய்யப்பட்ட அவசரகால நிலை 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருவது; அனர்த்த நிலைமையைப் பிரகடனம் செய்யும் அதிகாரமோ 2005ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தனியாக உண்டு. முன்னையதன் பெயரில் இந்நாடு எதையெல்லாம் கண்டது என்பதை அறிந்த சபை சற்று நேரம் கலங்கிப்போனது.

களனி ஆற்றின் நீர்மட்ட அறிக்கையைக் கையில் தந்து வாசிக்கப் பழக்கியதே பயிற்சியின் சிறந்த பகுதி. நாகலகம் வீதி அளவுகோல் அடியிலும் ஹங்வெல்ல அளவுகோல் மீற்றரிலும் காட்டுவதையும், மேலே ஹங்வெல்லவில் நீர் ஏறுவதே கொழும்புக்கான முன்னறிவிப்பு என்பதையும் வெள்ளம்பிட்டியில் உறவினர் உள்ளவர்கள் கவனமாகக் குறித்துக்கொண்டார்கள்.

குறை இறுதியில்தான். சேதத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் பதிந்து பிரதேச செயலகத்துக்குக் கொண்டுசெல்லும் நடைமுறைக்குச் சில நிமிடங்களே எஞ்சின. வாக்காளர் பதிவு யாழ்ப்பாணத்திலும் வாடகை வீடு இங்குமாக வாழ்பவர் எந்தக் கிராம உத்தியோகத்தரிடம் போவது என்ற கேள்விக்கு, “அலுவலகத்தில் விசாரியுங்கள்” என்பதே பதிலாயிற்று. மண்டபத்தில் பாதிப்பேரின் நிலை அதுவாயிருந்தும், 117 என்ற அவசர இலக்கத்தோடு பயிற்சி முடிந்தது.

இதை ஒழுங்குசெய்ய எண்ணும் குழுக்கள், நிவாரணப் பதிவைத் தேநீர் இடைவேளைக்கு முன்பே எடுக்கும்படி எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.