மைக்கா, மனுவா? அணுக்கழிவுக் கிடங்கு பற்றிக் கருத்துச் சொல்லும் வழிகள்

கடலூரில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சிப்காட் வந்த நாளிலிருந்து தொழிற்சாலைகளோடு மல்லுக்கட்டிய ஊர் இது. அணுக்கழிவுக் கிடங்குக்கும் தொழிற்சாலைகளுக்கான அதே விதிதான்: மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அது இரண்டு வழிகளைத் தருகிறது: ஒன்று, திட்டம் வரும் இடத்தில் நடக்கும் கூட்டத்தில் பேசுவது; மற்றொன்று, எழுதிக் கொடுப்பது. நம் ஊர்க்காரர்களுக்கு முதல் வழிதான் பிடிக்கும். எனக்கு இரண்டாவது.

மைக்கின் பலத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. கலெக்டரோ அவர் சார்பில் வரும் மூத்த அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும், முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும். வந்திருப்பவர்கள் திட்டக்காரரிடம் அங்கேயே விளக்கம் கேட்கலாம். முடிவில் தொகுப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். படிக்கத் தெரியாத மீனவப் பாட்டிக்கும் அங்கே இடம் உண்டு. அதை மனு தராது.

சிக்கல் என்னவென்றால், குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதியே கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகத்தான் கணக்கு. ஆவேசமாகப் பேசியது தொகுப்பில் ‘எதிர்ப்புத் தெரிவித்தார்’ என்று ஒரு வரியாகிவிடலாம். அப்புறம், கூட்டமே நடக்காமலும் போகலாம். கூடங்குளத்தில் பயன்படுத்திய எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் கிடங்குக்காக 2019 ஜூலை 10 அன்று இராதாபுரத்தில் கூட்டம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்தார்கள். கூட்டம் இல்லையென்றால் மைக்கும் இல்லை, வீடியோவும் இல்லை. முன்கூட்டியே கொடுத்த மனு மட்டும் கோப்பில் இருக்கும்.

கூட்டம் உள்ளூரில் பாதிக்கப்படுவோருக்கானது என்பதையும் மறக்கக் கூடாது. கல்பாக்கத்தில் ஒரு திட்டம் என்றால் கடலூர்க்காரர் சட்டப்படி ‘அக்கறையுள்ள பிறர்’ வரிசையில்தான் வருவார். அவருக்கான கதவு எழுத்துதான். புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மனுவை உங்கள் ஊர் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு அனுப்பினால் வேலைக்கு ஆகாது. தமிழ்நாட்டில் கூட்டத்தை நடத்துவது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

எழுத்தின் உண்மையான லாபம் கேள்வியைக் கூர்மையாக்கலாம் என்பதில் இருக்கிறது. ‘கழிவு வேண்டாம்’ என்று எழுதினால் அது கருத்து. ‘எரிபொருளைத் தண்ணீர்த் தொட்டியில் வைப்பீர்களா, உலர் கொள்கலனிலா? தொட்டி என்றால், 2011 தானே புயல் மாதிரி ஒன்று அடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனால் தண்ணீரைக் குளிர்விக்கும் பம்புகள் எதில் ஓடும்? இது இடைக்காலக் கிடங்கு என்றால் இங்கிருந்து எந்த ஊருக்கு, எப்போது போகும்?’ என்று எழுதினால் அதைத் தாண்டிப் போவது கஷ்டம். எழுப்பப்பட்ட முக்கியமான சுற்றுச்சூழல் கவலைகளுக்குத் திட்டக்காரர் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் இறுதி அறிக்கையில் பதில் சேர்த்தாக வேண்டும் என்பது அதே அறிவிக்கையின் விதி.

வெளிநாட்டோடு ஒப்பிட்டால் இரண்டு வழிகளுமே இளைத்துப்போய்த் தெரியும். பின்லாந்தில் ஆழ்நிலக் கிடங்குக்கு யூரயோக்கி நகராட்சியின் சம்மதம் கட்டாயம். 2000இல் அதன் மன்றம் 20க்கு 7 என்று வாக்களித்துச் சம்மதித்த பிறகுதான் திட்டம் நகர்ந்தது. அமெரிக்காவில் யக்கா மலையில் அணுக்கழிவைப் புதைக்கும் திட்டத்துக்கு, அந்த மலை இருக்கும் நெவாடா மாநிலம் வேண்டாம் என்றது. 2002இல் நாடாளுமன்றம் அதை மீறியது. மீறவாவது அங்கே ஒரு மறுப்புரிமை இருந்தது. இங்கே ஊராட்சித் தீர்மானம் கூட ஆலோசனைதான்.

அதனால் என் தேர்வு இப்படி: அறிவிப்பு வந்ததும் கலெக்டர் அலுவலகத்தில் வரைவு அறிக்கையைப் பாருங்கள். குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. தமிழ்ச் சுருக்கத்தோடு நிற்காமல் ஆங்கில முழு அறிக்கையையும் படிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். மனுவில் கேள்விகளுக்கு எண் போட்டுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் நடந்தால், உள்ளூர்க்காரர் ஒருவர் அந்த நகலைப் பார்த்தே மைக்கில் வாசிக்கட்டும்.